துருத்தியில் ஓட்டை இல்லை

வாருங்கள், பெரியோர்களே, தாய்மார்களே! கைவேலையைச் சற்றே ஒதுக்கிவிட்டு, பழைய கேமராக்கள் விற்கும் இந்தக் குறுகலான கடைக்குள் வந்து நில்லுங்கள். இங்கே பட்டப்பகலில் ஒரு கொள்ளை நடக்கப்போகிறது. பூட்டு உடையாது, கத்தி பளபளக்காது, பறிகொடுத்தவள் வாய்மூடிப் படியிறங்குவாள். நீங்கள் சாட்சியாக இருங்கள்.

கண்ணாடி மேசைக்கு முன்னால் நிற்கிறாளே, அவள் ஒரு ஸ்டூடியோக்காரரின் மனைவி. கல்யாணமாகி வந்த நாள்முதல் அவளுடைய உலகம் ஸ்டூடியோவின் உள்ளறை. அதற்குச் சன்னல் கிடையாது. ஃபிலிம் கழுவுகிறவள் அவள். பிரிண்ட் போடுகிறவள் அவள். பெண்களும் குழந்தைகளும் வந்தால் படமெடுக்கிறவளும் அவளே. பலகையில் பெயர் மட்டும் அவருடையது. கேமராவோடு அவள் ஒருநாளும் வாசற்படி தாண்டியதில்லை.

வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சம்மா ஒருத்தி, தன் வளைகாப்புப் படத்துக்கு வந்தபோது இவளிடம் கேட்டாள்: "படுக்கையை விட்டு எழுந்திரிக்க முடியாதவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. அவங்களும் நல்லா ஒரு படம் எடுத்துக்க ஆசைப்பட மாட்டாங்களா? வீட்டுக்கே வந்து எடுத்துக் குடுக்கறியா?" யாரையும் கேட்காமல் "வர்றேன்" என்று சொல்லிவிட்டாள் இவள். சுவரில் பெரிதாக மாட்டும் படத்துக்கு அகலமான ஃபிலிம் வேண்டும்; மீடியம் ஃபார்மேட் கேமரா வேண்டும். பழையதாக இருந்தாலும் போதும். நல்ல மனநிலையில் இருந்த கணவர், "உனக்குத்தானே? நீயே பாத்து எடுத்துக்க" என்றார். அந்த ஒற்றை வாக்கை மடியில் முடிந்துகொண்டு வந்து நிற்கிறாள். துணைக்குக் கணவர், அவருக்குத் துணையாக அவருடைய அக்கா.

மேசைமேல் இரண்டு கேமராக்கள். ஒன்று, கறுத்த பெரிய பெட்டி. ஸ்டாண்டில் ஏற்றினால் இறங்காது. ஏற்றிய அறையை விட்டு நகராது. மற்றது மடக்குக் கேமரா. மூடினால் கைப்பைக்குள் அடங்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, மடிப்பு மடிப்பான கறுப்புத் தோல்துருத்தியோடு லென்ஸ் வெளியே நீளும். இரண்டுக்கும் ஃபிலிம் ஒன்றே. அவள் மடக்கை எடுத்தாள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், பூஞ்சை இல்லை. ஷட்டரைக் காதருகே வைத்துத் தட்டினாள், இழுப்பில்லை, திக்கலில்லை.

"இதுதாங்க," என்றாள்.

நாத்தனார் முகவாயில் கைவைத்தாள். "இதையா? சோப்பு டப்பாவாட்டம் இருக்கு! இதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நீ தெருத்தெருவா அலைஞ்சா என் தம்பியை எவன்டி மதிப்பான்?"

"அலைய இல்ல அண்ணி. நடக்க முடியாதவங்களை எடுக்கத்தான்."

"நடக்க முடியாதது அவங்களுக்கு. உன் காலு ஏன் பரபரங்குது?"

கணவர் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார், வாங்க வந்தவர் சிரித்தால் விற்கிறவருக்கும் சிரிப்பு வரும்.

"துருத்தி பழசு," என்றார் கணவர். "ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் பூந்து ஃபிலிம் பாழாயிடும். இருட்டுல பாத்துட்டு வர்றேன்."

பழைய மடக்குக் கேமராவுக்குச் செய்யும் சோதனை அது: இருட்டில் பின்கதவைத் திறந்து, துருத்திக்குள் டார்ச்சை நுழைத்து, மடிப்புகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். கடைக்காரரின் டார்ச்சோடு கடையின் பின்னாலிருந்த இருட்டறைக்குள் போனவர், போன சூட்டோடு திரும்பினார்.

"சல்லடைங்க! நட்சத்திரம் எண்ணலாம்."

"நானும் ஒருதடவை பாத்துடறேங்க," என்று, நாத்தனார் வாய்திறக்குமுன் அவள் கேமராவையும் டார்ச்சையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இருட்டில் விரல்கள் பின்கதவின் கொக்கியைத் தேடின. கொக்கியின் குறுக்கே ஒரு தாள்பட்டை ஒட்டியிருந்தது. கதவு தானாகத் திறந்துகொள்ளாதிருக்கக் கடைக்காரர் ஒட்டியது. கிழியவில்லை, நுனிகூட எழும்பவில்லை. கதவையே திறக்காதவர் டார்ச்சை எங்கே நுழைத்தார்? நட்சத்திரத்தை எங்கே கண்டார்?

பட்டையை உரித்தாள். கதவைத் திறந்து டார்ச்சை நுழைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுத்தாள். பிறகு மடிப்பு மடிப்பாக, மூலை மூலையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு வெளிச்சம் கசியவில்லை.

வெளியே வந்தவள் கணவரிடம் போகவில்லை. தாள் ஒட்டிய விரலைக் கடைக்காரரிடம் நீட்டினாள். "துருத்தியில ஓட்டை இல்லைங்க. இந்தத் தாள் நீங்க ஒட்டினதுதானே? இப்பத்தான் நான் உரிச்சேன்."

கடைக்காரர் தாளைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. அவள் விரலிலிருந்து அதை மெல்ல எடுத்து, உருட்டி, மேசைக்கடியில் போட்டார்.

"ஐயா தொழில் தெரிஞ்சவரும்மா. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"கேட்டியா?" என்றாள் நாத்தனார். "எதிர்ல இருக்கற ஓட்டை தெரியல, இவ படம் புடிக்கப் போறாளாம்!"

"அந்தப் பெரிசைக் கட்டுங்க," என்றார் கணவர்.

பெரிய பெட்டி வந்து ஸ்டூடியோவின் உள்ளறையில் ஏறியது. ஸ்டாண்டின் சக்கரங்களைக் கணவர் காலால் மிதித்துப் பூட்டினார். விளக்கைப் போட்டு, "உக்காரு, டெஸ்ட் எடுக்கணும். கொஞ்சம் சிரி," என்றார். அவள் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. ஷட்டர் விழுந்தது. நர்சம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று சன்னலில்லாச் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

பார்த்தீர்களல்லவா? கணவரை நாலு வார்த்தை ஏசிவிட்டு வீடுபோய்ச் சேராதீர்கள், அது சுலபம். அவர் பொய் அங்கேயே பிடிபட்டது. பிடிபட்ட பொய்யைக் காப்பாற்றியது எது? உண்மையைக் கையில் வாங்கி உருட்டிப் போட்ட ஒரு மரியாதைக்காரரின் வாய் அல்லவா? அந்த வாய் நம் கடைகளில் இருக்கிறது, அலுவலகங்களில் இருக்கிறது, நம் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. நாளைக்கு ஒருத்தி உங்களிடம் விரல் நீட்டி, "நீங்க பாத்ததுதானே?" என்று கேட்பாள். அப்போது அவள் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்காதீர்கள். "ஆமாம், பார்த்தேன்" என்று உரக்கச் சொல்லுங்கள். சொன்னதோடு நில்லாமல், அவள் பொறுக்கியதை அவள் கையில் எடுத்துக் கொடுங்கள்!