எந்தக் கதவைத் தட்டுவது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பிறந்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. வெளிநாடு வந்ததிலிருந்து தூரத்து உறவுக்காரர் ஒருவரின் மாடியறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். அவர் மகனுக்குக் கல்யாணம், அறை வேண்டும் என்றார். நியாயம்தான். இப்போது கையில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. எது வேண்டும் என்று தரகருக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு எழுதிப் பார்த்தால்தான் யோசனையே ஓடும். கதையாக எழுதினால் கதைக்குத் தானாக ஒரு முடிவு வரும், அது எந்த வீடோ அங்கே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆரம்பம், முதல் முயற்சி: "பனி மூடிய அந்த அந்நிய நகரத்தில் அவன் தன் நிழலைத் தேடி..." வேண்டாம். நிழலை யாரும் தேடவில்லை, இரண்டு படுக்கையறைதான் தேடினோம்.

இரண்டாம் முயற்சி: "மேட்டுத் தெரு வீட்டின் வாடகை, கணவனின் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசியை..." கடன் விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. இதையும் விட்டுவிடுகிறேன்.

2

நேராகவே சொல்கிறேன். மேட்டுத் தெரு அமைதியானது. மரங்கள், வெட்டிவிட்ட புல், ஆள் நடமாட்டமே இல்லாத நடைபாதை. வாடகை எங்கள் விரலுக்குத் தகுந்த வீக்கம் இல்லை. இரண்டாவது வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வாடகை பாதிதான், ஆனால் அந்தப் பக்கத்துக்கு நல்ல பெயர் இல்லை.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மாலை ஷிப்ட். அவள் பேருந்தை விட்டு இறங்கும்போது நன்றாக இருட்டியிருக்கும். நான் பார்சல் கிடங்கில், விடிவதற்கு முன்னால் போகிற ஷிப்ட். அவள் திரும்பும் நேரத்தில் நான் வீட்டில்தான் இருப்பேன். ஆனால் சின்னவள் தூங்கிக்கொண்டிருப்பாள். நான்கு வயதுக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு நிறுத்தத்துக்குப் போய் நிற்க முடியாது. ஆக, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் இவள் தினமும் தனியாக நடக்க வேண்டும்.

இந்தக் கதை அந்த நடையைப் பற்றியது. இடையில் வாடகை, தரகர் என்று நான் எங்காவது போனால் நம்பாதீர்கள். பயத்தில் பேச்சை மாற்றுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

இனி வருபவர் "எச்சரிக்கை அண்ணன்", எங்களுக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய நம் ஊர்க்காரர். பெயர் நாங்கள் வைத்தது, அவருக்குத் தெரியாது. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. படிப்பவர்கள் "இப்படியும் ஒருவர் பேசுவாரா?" என்பார்கள். பேசினார், நான் என்ன செய்ய?

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கமா? வேணவே வேணாம் தம்பி. குடும்பம் இருக்கிற இடமா அது?"

"ஏன்ணே, என்ன நடந்துச்சு?"

"நடக்க வேற செய்யணுமா? அங்க பூரா வெளிநாட்டுக்காரங்க."

"நாம யாருண்ணே?"

"நாம வேற தம்பி."

"நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்களா?"

"சேச்சே, நான் ஏன் அங்கெல்லாம் போறேன்?"*

[*அவரைக் கோமாளியாக்கிவிட்டேனோ என்று உறுத்துகிறது. நாங்கள் வந்திறங்கிய அன்று போர்வையும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றவர் இவர் ஒருவர்தான். அக்கறை இல்லாமல் சொல்லவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.]

4

சரி, கேட்டது போதும், நடந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

மேட்டுத் தெருவில் பாதி தூரம் போயிருப்பேன். ஒரு கார் மெதுவாகி, கண்ணாடி இறங்கி, "யாரையாவது தேடுறீங்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன். திரும்பி வரும்போது போலீஸ்காரர் ஒருவர் காத்திருந்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். வாடகை வீட்டைப் பற்றிச் சொல்லித் தரகரின் எண்ணையும் காட்டினேன். "யாரோ போன் பண்ணாங்க. இந்தத் தெருவில எல்லாரும் கொஞ்சம் ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவமானமாக இருந்தது. கூடவே, இவ்வளவு ஜாக்கிரதையான தெருவில் என் மனைவிக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்றும் தோன்றியது. இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினேன்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வாசலில் மூன்று வாலிபர்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் நடையை எட்டிப் போட்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்தா, வேறு எதற்கோவா, தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மேட்டுத் தெருக்காரர்களுக்கும் இதே பழமொழி பொருந்தும், அவர்களுக்கு நான்தான் பேய்.

[அந்த மூவரில் ஒருவன் ஓடி வந்து, நான் தவறவிட்ட பர்ஸைக் கொடுப்பதாக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பர்ஸ் என் பையிலேயே பத்திரமாக இருந்தது.]

5

இதுவரை எழுதியதை என் மனைவி படித்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"உனக்காகத்தானே கதையே."

"கதை எனக்காக, நடக்கிறது மட்டும் நீங்களா? நீங்க பாட்டுக்குக் கையை வீசிக்கிட்டு ரெண்டு தெருவையும் சுத்திட்டு வந்துட்டீங்க. தெனம் நடக்கப்போறது யாரு?"

"சரி, எந்தத் தெருன்னு நீயே சொல்லு. எதுல ஒண்ணும் நடக்காது?"

"ஒண்ணும் நடக்காத தெருன்னு உலகத்துல ஒண்ணு இருக்கா? அப்படி ஏதாவது ஆச்சுன்னா நான் எந்தக் கதவைத் தட்டுறது? அதைப் பாத்துட்டு வந்தீங்களா?"

பார்க்கவில்லை. கதவைத் தட்டலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

நேற்று சனிக்கிழமை. சனி, ஞாயிறு அவளுக்கு விடுமுறை. வழக்கமாக வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து, மேட்டுத் தெரு நிறுத்தத்தில் தனியாக இறங்கினாள். விளக்கெரியும் வீடுகளாகப் பார்த்துத் தட்டினாள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனப்பாடம் செய்திருந்தாள்: போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, வீட்டுக்கு ஒரு போன் செய்துகொள்ளலாமா?

முதல் வீட்டில் கூடத்து விளக்கு அணைந்தது. இரண்டாவது வீட்டில் கதவோரத்து ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஒரு குரல், "நாங்க எதுவும் வாங்குறதில்ல" என்றது. மூன்றாவது வீட்டில் வயதான அம்மாள் ஒருவர் கதவைச் சங்கிலி அளவுக்குத் திறந்தார். இவளுக்கு இந்த ஊர்ப் பாஷை முழுவதும் முதியோர் இல்லத்தில் கற்றது. பதற்றத்தில் மனப்பாடம் செய்தது மறந்துபோய், "ராத்திரி மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டாளாம். "போட்டாச்சு" என்றாராம் அந்த அம்மாள். அதற்குப் பிறகுதான் இவள் கேட்க வந்ததைக் கேட்டாள், போன் சங்கிலி இடுக்கு வழியாக வெளியே வந்தது.

"சங்கிலிய எடுக்கல. ஆனா போன் குடுத்தாங்க" என்றாள் வீட்டுக்கு வந்து.

"அப்போ அரைக் கதவுன்னு வச்சுக்கலாம்."

"அரைக் கதவுக்கு அவ்வளவு வாடகையா?"

சிரித்தோம். சிரித்து முடித்ததும், நாளைக்கு ரயில் பாதைப் பக்கம் போகிறேன், பின்னால் வரக் கூடாது, போன் செய்யக் கூடாது என்றாள்.

6

அந்த நாளைதான் இன்று. போயிருக்கிறாள். இருட்டிவிட்டது. சின்னவள் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறாள். எந்த வீட்டை எடுத்தாலும் இனி என் மாலைப்பொழுதுகள் இப்படித்தான் இருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. நடை அவளுக்கு, உட்கார்ந்திருப்பது எனக்கு.

சும்மா இருக்க முடியாமல் முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முதல் முடிவு: கதவு அகலமாகத் திறக்கிறது. உள்ளே இருந்த பெண் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, சூடாகக் குடிக்கக் கொடுக்கிறாள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. ஆனால் வாடகை பாதி என்பதால் பிடிக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாம் முடிவு: கதவு திறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ நடந்து...

இல்லை. இதை எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது.

மூன்றாவது: கணவன் குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறான். இதுவும் முடியாது.

கதவுக்கு வெளியே நின்றுகொண்டு எத்தனை முடிவு எழுதினாலும் பிரயோசனமில்லை. உள்ளே ஒரு ஆள் வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

உங்கள் வீடு எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. இருட்டிவிட்டது. வேலை முடிந்து வந்து, அடுப்பில் எதையோ வைத்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளையும் உள்ளே தூங்குகிறது. கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. கதவில் பதித்த சின்னக் கண்ணாடி வழியே பார்க்கிறீர்கள். உங்கள் ஊர் முகம் இல்லை. தனியாக நிற்கிறாள். உங்கள் பாஷையைக் கொஞ்சம் தப்பும் தவறுமாகப் பேசுகிறாள். போன் ஒன்று செய்துகொள்ளலாமா என்கிறாள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி யாரோ உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

திறங்கள் என்று உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. சங்கிலியைக்கூட எடுக்க வேண்டாம். நான் இங்கே என் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களுடையதை மட்டும் அவளிடம் நீட்டுங்கள். என் நம்பர் அவளுக்கு மனப்பாடம்.