ஓரகத்தியின் குழாய்கள்

இளைய ஓரகத்தியை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே மூத்தவள்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதாக இப்போது வயிறெரிந்தாள்.

ஊதா நிறச் சாயத்தில் பழச்சாறு ஒரு சொட்டு விட்டால் நிறம் வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ, சாற்றில் அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட். அரை மணி கழித்துக் கருவியில் அளக்க வேண்டும். இந்தச் சோதனையை உருவாக்க மூத்தவள் மூன்று வருஷமாக மாரடிக்கிறாள். ஒரே சாற்றுக்கு எண் ஒருநாள் நாற்பது, மறுநாள் அறுபது. நேற்று வந்தவளுக்கோ தினமும் முப்பத்தெட்டு. இத்தனைக்கும் இளையவளுக்கு மேஜைகூடக் கிடையாது. குழாய்களை இரும்பு அலமாரிக்குள் வைக்கிறாள். மூத்தவளுடையது ஜன்னலோர மேஜை, சண்டை போட்டு வாங்கியது.

"வெள்ளிக்கிழமை யாரோட எண் மாறாம நிக்குதோ, அவங்க பேர்லதான் சோதனை" என்றுவிட்டார் தலைமை ஆய்வாளர். வீட்டில் மாமியார் வேறு, "சின்னவளுக்குக் கைராசி" என்றார். அன்று மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை இளையவள் குழாய்களில் சாறு விட்டு அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். மூத்தவள் அலமாரியைத் திறந்து, குழாய்களைத் தன் மேஜைக்குக் கொண்டுவந்தாள். எங்கேயாவது தப்பு கிடைக்காதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் திரும்ப அலமாரிக்குள் வைத்தாள்.

அன்று இளையவளுக்கு வந்த எண் நாற்பத்தெட்டு. மூத்தவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

இளையவள் அழவில்லை. குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நோட்டை எடுத்துக்கொண்டு மூத்தவளிடம் வந்தாள்.

"அக்கா, ஒப்பிட்டுப் பார்க்க வெச்ச, சாறே விடாத குழாயும் வெளுத்திருக்கு. யாரோ வெளிச்சத்துல எடுத்து வெச்சிருக்காங்க. உங்க எண் குதிச்சதும் இதனாலதான். மேகம் போட்ட நாள்ல நாப்பது, வெயில் நாள்ல அறுபது. உங்க நோட்டுல இருக்கற தேதியைப் பார்த்தாலே தெரியும்."

மூன்று வருஷம். மூத்தவள் தன் ஜன்னலோர மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெளிச்சம் எவ்வளவு நேரத்துல எவ்வளவு வெளுக்கும்னு எழுதிட்டா, சோதனை முடிஞ்ச மாதிரி. யாரு எடுத்தாங்கன்னு யாரைப் போய்க் கேக்கறது? ரெண்டு நிமிஷம்னு போட்டுக்கறேன்."

பேனா தாளைத் தொட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் பிழைக்கும். ஆனால் தப்பான எண் ஒன்று நோட்டில் ஏறப்போவதை மூத்தவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பத்து" என்றாள். "பத்து நிமிஷம்."

இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். குனிந்து, பத்து என்று எழுதினாள்.