மாத்தயா சொன்னதில் பாதி

கலந்தரை மாத்தளை டவுனில் தெரியாதவர்கள் குறைவு. யார் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தாலும், நகை விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாரத்தை மடித்துக் கட்டி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு இறங்கினாரென்றால், மேலே நிற்பவர்கள் பயந்து கத்தத் தொடங்கும்வரை வரமாட்டார். அந்தக் கூச்சல் கிணற்றுக்குள் கேட்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அறுபத்தொன்பதாம் வருஷம், நாவுலைப் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் பெரிய மரமொன்று வெள்ளத்தில் அடித்து வந்து மதகுக் கதவில் சிக்கிக்கொண்டது. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்க இரண்டு பேரைப் பழக்கப்போகிறார்கள், அதில் ஒருவருக்கு நிரந்தர வேலையும் கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. கலந்தர் அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்தார்.

இரண்டாவது ஆள் இருளாண்டி. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் லய வீட்டில் பிறந்து, அணைக்கட்டில் கூலி வேலைக்கு வந்தவன். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான். நீந்தப் பழகியே ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. இவனா எனக்குப் போட்டி என்று கலந்தர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பழக்க வந்தவர் கடற்படையில் சுழியோடியாக இருந்தவர். ஒரு காதின் சவ்வு கிழிந்ததால் அவரால் இனி ஆழத்துக்கு இறங்க முடியாது. ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்வதுபோல, எல்லாரும் அவரை மாத்தயா என்றே கூப்பிட்டார்கள். அவருக்குத் தமிழ் வராது. இருளாண்டிக்குச் சிங்களம் வராது. அதனால் மாத்தயா சொல்வதைத் தமிழில் சொல்லும் வேலையும் கலந்தர் தலையில் விழுந்தது. முதல் இரண்டு நாளும் அதை அவர் பெருமையாகவே செய்தார்.

கழுத்தளவுத் தண்ணீரில் அடியில் உட்கார்ந்து மூச்சு விடுவதுதான் பாடம். இருந்தது ஒரே ஒரு சிலிண்டர். ஒருவர் மாறி ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

"வாயால மெதுவா இழு. அதவிட மெதுவா வெளிய விடு. நடுவுல எங்கயும் நிறுத்தாத. மூச்சு வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கணுமாம்," என்று கலந்தர் சொன்னார்.

சொன்னவரால் செய்ய முடியவில்லை. தண்ணீர் முகத்தைத் தொட்டதுமே இருபது வருஷப் பழக்கம் நெஞ்சைப் பூட்டிவிடும். அடைத்து வைத்த மூச்சு கடைசியில் வெடித்துக்கொண்டு வெளியே போகும். பிறகு ஆவென்று அள்ளி அள்ளி இழுப்பார். அரை மணி நேரத்தில் சிலிண்டர் காலி. தலை வேறு விண்விண்ணென்று இடித்தது.

அதே சிலிண்டரை நிரப்பிக்கொண்டு இருளாண்டி இறங்கினால் ஒரு மணி நேரம் கழித்தும் காற்றளவு காட்டும் முள் பூச்சியத்துக்கு வந்திருக்காது. அவன் குமிழிகள் சின்னச் சின்னதாய், அவசரமே இல்லாமல் மேலே வந்துகொண்டிருக்கும். கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கலந்தருக்கு நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நான்காம் நாள் மாத்தயா இருளாண்டியின் தோளில் தட்டிச் சிங்களத்தில் நிறையச் சொன்னார். இப்படி மூச்சு விடுகிறவர்கள் என்று கடற்படையில்கூட இரண்டொருவரைத்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். தொட்டிலில் தூங்கும் பிள்ளையின் மூச்சு இது என்றார். பிறகு கலந்தர் பக்கம் திரும்பி, "உனக்கு இது இன்னும் கிணறுதான். இவனைப் பார்த்துப் பழகு," என்றார்.

"என்ன சொல்றாரு, நானா?" என்று இருளாண்டி கேட்டான். அண்ணன் முறை வைத்துக் கலந்தரை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"பரவால்லயாம்," என்றார் கலந்தர்.

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ஜெஸீமா, "மேலுக்குச் சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் கையைத் தட்டிவிட்டார். தேயிலைத் தூரை விட்டு நேற்று வந்தவன், ஒரு வாளியைக்கூடத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்காதவன், அவனைப் பார்த்து நான் பழக வேண்டுமா என்ற ஒரே நினைப்புதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மாத்தயா பத்துச் சொன்னால் கலந்தர் ஆறு சொன்னார். பொய் எதுவும் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆழத்தில் இறங்கும் நாள் வந்தது. மதகு நாற்பது அடி ஆழத்தில் இருந்தது. மரத்தில் கம்பிவடம் கட்டிவிட்டு வர வேண்டும். அணைமேல் இருக்கும் வின்ச் அதை இழுத்துக்கொள்ளும். முதலில் இறங்குவது இருளாண்டி என்று மாத்தயா முடிவு செய்தார்.

இறங்குமுன் மாத்தயா விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "காற்று இழுக்கக் கஷ்டமானால் உடனே மேலே வா. ஆனால் கடைசி மூச்சை வாய்க்குள் அடைத்துக்கொண்டு வராதே. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர நெஞ்சுக்குள் பெருகும். அடைத்தால் நுரையீரல் கிழியும். வழி முழுக்க ஆவென்று விட்டுக்கொண்டே வா. உன் சின்னக் குமிழியை நீ முந்தக்கூடாது."

இருளாண்டி கலந்தரின் முகத்தைப் பார்த்தான்.

"காத்துக் கஷ்டமானா மேல வந்திருன்னு சொல்றாரு," என்றார் கலந்தர்.

"இவ்வளவு நேரம் சொன்னாரே?"

"அதத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு. போ."

மாத்தயா வின்ச் பக்கம் போனார். பீப்பாய்களின் மேல் பலகை அடித்த மிதவையில், மதகுவரை இறக்கியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கலந்தர் உட்கார்ந்தார். குமிழிகள் ஒழுங்காக வந்தன. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். கம்பிவடம் அசைந்தது, வேலை நடக்கிறது. இவன் முடித்துவிடுவான், இன்றைக்கே முடித்துவிடுவான் என்று நினைக்க நினைக்க அவருக்கு வயிறு எரிந்தது.

திடீரென்று குமிழிகள் நெருக்கமாக வந்தன. பாரமான வடத்தோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்குகிறான் போலிருந்தது. ஆழத்தில் காற்று இரண்டு மடங்கு வேகமாகத் தீரும், அது முடியப்போகிறது. முடிந்தால் என்ன செய்வான்? கடைசியாகக் கிடைத்ததை இழுத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு மேலே பாய்வான். தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார் என்று கலந்தருக்குத் தெரியும்.

குமிழி நின்றது.

"யா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு அவர் சாரத்தோடேயே குதித்தார். கயிற்றைப் பிடித்துத் தலைகீழாக இறங்கினார். பாதி வழியில், கலங்கிய பச்சைத் தண்ணீருக்குள், இருளாண்டி வேகமாக ஏறி வருவது தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பிதுங்கியிருந்தன. கன்னம் உப்பியிருந்தது. வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை.

கலந்தர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவன் உதறினான், காலால் உதைத்தான். வேறு வழி தெரியவில்லை. அவன் முகத்துக்கு நேரே தன் வாயைத் திறந்து, தான் கொண்டு வந்த மூச்சு முழுவதையும் விட்டார். பிறகு முஷ்டியால் அவன் மேல்வயிற்றை அழுத்தினார். இருளாண்டியின் வாய் திறந்தது. பொலபொலவென்று காற்று வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவனை இறுக்கிப் பிடித்து, வேகமாக ஏறவிடாமல், ஒன்றுமில்லாத நெஞ்சோடு அந்த இருபது அடியையும் கலந்தர் கடந்தார். மேலே வந்ததும் இரண்டு பேரும் மிதவையில் ஏறி மூச்சு வாங்கினார்கள். இருளாண்டியின் மூக்கிலிருந்து கொஞ்சம் இரத்தம் வழிந்தது.

மாத்தயா ஓடி வந்து மிதவையில் ஏறினார். இருளாண்டியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு கலந்தரைப் பார்த்து, "நான் சொன்னதை இவனிடம் சொன்னாயா, இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். இருளாண்டி பயத்தில் மறந்துவிட்டான் என்று சொன்னால் மாத்தயா நம்பியிருப்பார். கலந்தருக்கு அந்த எண்ணமும் வந்தது.

"சொல்லல," என்றார். அதையே இருளாண்டியின் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "மூச்ச விட்டுக்கிட்டே வரச் சொன்னாரு. நான் ஒனக்குச் சொல்லல. வேணுமின்னுதான் சொல்லல."

இருளாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கலந்தருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இருளாண்டியை இரண்டு நாள் மாத்தளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். கலந்தரைச் சிலிண்டர் பக்கமே வரக்கூடாதென்று மாத்தயா சொல்லிவிட்டார். நிரந்தர வேலையும் அத்தோடு அவர் கையை விட்டுப் போனது. வின்ச் சுற்ற ஆள் தேவைப்பட்டதால் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. தமிழில் சொல்ல ஸக்கரியா என்ற லொறி டிரைவரைப் பிடித்தார்கள்.

அடுத்த கிழமை இருளாண்டி மறுபடி இறங்கினான். கலந்தர் வின்ச்சைச் சுற்றினார். மரம் சேறு வழிய மேலே வந்தது. அவன் தலை தண்ணீருக்கு மேல் தெரிந்ததும் அணையில் நின்றவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். கலந்தருக்கு அப்போதும் எரிந்தது. இவ்வளவு நடந்த பிறகாவது அது போய்விடும் என்று நினைத்திருந்தார். போகவில்லை. கையை மட்டும் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் இருளாண்டி, வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"நானா, நீங்க கீழ வராட்டி நான் செத்திருப்பேன். நீங்க ஒழுங்காச் சொல்லியிருந்தா வர வேண்டியே இருந்திருக்காது. ரெண்டையும் நான் மறக்க மாட்டேங்க."

கலந்தர் தலையை ஆட்டினார். தூரத்தில் பஸ் ஹோர்ன் கேட்டது. இருளாண்டி ஈரத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். கலந்தர் மிச்சமிருந்த வடத்தைச் சுருட்டி முடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனார்.