டிக்கெட் நுழைகிற இடைவெளி

ஏட்ரியன் பர்ஸைத் திறந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேக்ஃபீல்டில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் ஞாயிறுதோறும் பொம்மைப் போர் ஆடுகிறவர்கள் நாங்கள். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத வீரர்களை நாலு நாலு பேராகச் சின்னப் பலகையில் ஒட்டி வைத்திருப்போம். முறை வந்தால் பகடை உருட்ட வேண்டும். எத்தனை விழுகிறதோ அத்தனை கட்டளை. ஒரு கட்டளைக்கு ஒரு பலகை நகரும். ஆனால் பலகைகள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக நின்றால் அது ஒரு கூட்டம். ஒரே கட்டளையில் கூட்டம் முழுக்க நகரலாம். சட்டம் இவ்வளவுதான்.

தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று எங்கள் கிளப்பில் எவரும் குனிந்து பார்த்ததே கிடையாது. "சேர்ந்து நிக்குது" என்போம், எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். பலகையின் ஓரத்தில் புல்லும் மணலும் ஒட்டி அழகு பார்க்கிற ஆட்கள் நாங்கள். எங்கே இடைவெளி இல்லாமல் நிற்கும்?

அன்றைய ஆட்டம் கிளிஃபர்டுக்கு வாழ்வா சாவா. கிளப் அணியில் அவன் இடத்துக்கு வேட்டு வைத்தது செயலாளர் ஏட்ரியன்தான். "அவருக்குக் கை நடுங்குது, பொம்மையைத் தட்டி விடுறாரு, வெளியூர்ல நம்ம மானம் போகும்" என்று கமிட்டியில் பேசினான். "அப்ப என்கூட ஆடித் தோற்கடிச்சுட்டு என் இடத்தை எடுத்துக்கோ" என்றான் கிளிஃபர்ட். ஏட்ரியன் ஜெயித்தால் இடம் அவனுக்கு. சமமாக முடிந்தாலும் கிளிஃபர்டுக்கே. நாலு பலகை இழந்தவர் தோற்றவர். அதுவரை யாரும் நாலு இழக்காமல் மணி நாலு அடித்தால் ஆட்டம் சமமாக முடிந்தது, ஏனென்றால் நாலு மணிக்கு நடன வகுப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

கிளிஃபர்டின் ஈட்டிக்காரர்கள் ஒன்பது பலகை, ஒரே வரிசை. பகடையில் ஒன்றுதான் விழுந்தது. ஒன்றே போதும்.

"வரிசை மொத்தமும் முன்னாடி போகுது" என்றான்.

"ஒரு நிமிஷம் கிளிஃபர்ட்" என்று அந்த டிக்கெட்டைப் பலகைகளுக்கு நடுவே இறக்கினான் ஏட்ரியன். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடையே வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னும் இரண்டு இடத்தில் போயிற்று. "தொடலையே. இது கூட்டம் இல்ல. ஒரு கட்டளை, ஒரு பலகை."

"ஏம்ப்பா, உனக்கே இது அசிங்கமா இல்ல?" என்றேன். "அவன் கையால எப்படிடா ஒட்டி வைப்பான்? தள்ளு, நான் சேர்த்து வைக்கிறேன்."

"நீங்க தொடக் கூடாது பிரெண்டா. சேர்த்து வைக்கிறதும் நகர்த்தறதுதான். அதுக்கும் கட்டளை வேணும்."

"அப்ப உன் வரிசையில நுழைச்சுக் காட்டு பாப்போம்."

நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவன் பலகைகளின் ஓரம் எல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது. வீட்டிலேயே திட்டம் போட்டு, டிக்கெட்டையும் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். இப்படியும் ஒரு மனுஷன்!

நடுவர் ஜெஃப் புத்தகத்தைப் புரட்டினான். "தொட்டுக்கிட்டு இருக்கணும்னுதான் போட்டிருக்கு பிரெண்டா. நான் என்ன பண்றது?"

"கண்ணுன்னு ஒண்ணு இருக்கு, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. அதெல்லாம் புத்தகத்துல போட்டாத்தான் உனக்குத் தெரியுமா?"

"விடு பிரெண்டா" என்றான் கிளிஃபர்ட்.

தனியாக முன்னே போன அந்த ஒரு பலகையை ஏட்ரியனின் குதிரைப்படை விழுங்கியது. அடுத்த முறையும் கிளிஃபர்டுக்கு ஒன்றுதான் விழுந்தது. திகைத்து நின்ற வரிசையில் இன்னும் இரண்டு போயிற்று. இன்னும் ஒன்று போனால் எல்லாம் முடிந்தது. ஏட்ரியன் பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அதைப் பிடுங்கி அவன் தலையில் தேய்க்கலாம் போலிருந்தது எனக்கு.

மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தபோது கிளிஃபர்டுக்கு ஆறு விழுந்தது.

"தனித்தனியா நகர்த்தறேன்" என்றான்.

முதல் பலகையைத் தூக்கினான். கை ஆடியது. அளவுகோலை வைத்தான், அது நழுவியது, மறுபடி வைத்தான். பலகையை இறக்கியதும் கோணலாக நின்றது. நிமிர்த்தினான். "சரியா இருக்கா ஏட்ரியன்? அளந்து பாரு."

"சரி, சரி."

"இல்ல, அளந்து பாரு. நடுவரும் பாக்கட்டும்."

இரண்டாவது பலகை. ஹால் கதவுக்கு வெளியே நடனக்காரப் பெண்களின் பேச்சு கேட்டது. ஏட்ரியன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாவதைக் கிளிஃபர்ட் எடுக்கும்போது ஒரு ஈட்டிக்காரன் கவிழ்ந்தான், பொறுமையாக நிமிர்த்தினான்.

"சரி கிளிஃபர்ட், கூட்டமாவே நகர்த்திக்குங்க. நான் ஒத்துக்கறேன்" என்றான் ஏட்ரியன்.

"டிக்கெட் நுழையுதேப்பா."

"பரவாயில்லங்கறேன்ல!"

"புத்தகத்துல அப்படி இல்லையே."

"ஜெஃப், இவரு வேணும்னே நேரத்தை ஓட்டுறாரு!"

ஜெஃப் இந்த முறை புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "ஆறு கட்டளை, ஆறு பலகை. நீ கேட்டதுதான் நடக்குது" என்றான்.

ஐந்தாவது பலகை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது மணி நாலு அடித்தது. நடனக்காரர்கள் காலணிப் பைகளோடு உள்ளே வந்தார்கள். ஆட்டம் சமம். இடம் கிளிஃபர்டுக்கு. ஏட்ரியன் கைகூடக் கொடுக்காமல் பெட்டியை மூடிக்கொண்டு போனான்.

கிளிஃபர்ட் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டதால் நான்தான் அவனைக் கொண்டுபோய் விடுவது. வழியெல்லாம் எனக்கு வாய் ஓயவில்லை. "மூக்கை உடைச்ச பாரு! அவன் மூஞ்சியைப் பாத்தியா?" என்று நானே சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபின்தான் பார்த்தேன், ஒரு கையால் மறு கையை இறுக்கிப் பிடித்து மடியில் அழுத்தி வைத்திருந்தான்.

"அந்த வரிசை போயிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன் பிரெண்டா. நல்லா ஆடி ஜெயிச்சிருப்பேன்."

"தெரியும்டா."

"இந்தக் கையை யாரும் பாக்கக் கூடாதுன்னு மூணு வருஷமா பாக்கெட்டுலயே வெச்சுக்கிட்டுத் திரியறேன். இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடியும் இதை வெச்சே என் இடத்தைக் காப்பாத்திக்க வெச்சுட்டான், படுபாவி."

கதவைத் திறக்க அவனுக்கு நேரமாயிற்று. நான் உதவிக்குக் கை நீட்டவில்லை.