தொண்ணூற்றாறு சதுர அடி

அக்கா மட்டும் என் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

முதலில் வந்த எண்ணம் அதுதான். புதிய கட்டட விதியின் வரைவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ‘இருநூற்றைம்பது சதுர அடிக்குக் குறைவான எந்த அறையும் குடியிருப்பாகக் கருதப்படாது’ என்ற வரியில் விரல் நின்றது. ஐயோ, அக்காவின் அறை போய்விடுமே என்று நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் இதைச் சொல்வதில் எனக்கு இவ்வளவு கூச்சம் இருக்காது. எங்கள் வீட்டுச் சின்ன அறையில் அவள் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு காட்சி கண்ணில் ஓடியது. நான் எழுத்துப் பிழை திருத்துவது போல அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

நகரமன்றத்தில் பதினாறு வருடமாக நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறேன். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. எட்டடிக்குப் பன்னிரண்டடி. ஒரு தளத்துக்கு ஆறு அறை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு குளியலறை. வேலைக்கு நடந்து போக நான்கு நிமிடம். இயந்திரங்களோடு இருந்து இருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்க்காமலே நொடிகளை எண்ணுவாள். “இன்னும் இருபதுல நிக்கும் பாரு” என்பாள். இயந்திரம் இருபதாவது நொடியில் நிற்கும்.

அந்த அறையில் நானும் பதினோரு நாள் இருந்திருக்கிறேன். கல்யாணமான மூன்றாம் வருடம், கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு போய் நின்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில், “போதும்டி, நீ தூக்கத்துல உதைக்கிற. அந்த மனுஷனையே போய் உதை” என்று அனுப்பிவைத்தாள். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. நானும்தான்.

விதி ஓட்டுக்கு வருவதற்கு முன்னால் மாதிரிக்குச் சில அறைகளைப் பார்வையிட வேண்டும். குலுக்கிப் போட்டு எடுத்த நான்கு எண்களில் ஒன்று அக்காவுடையது. அவளுக்கு ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். முன்கூட்டிச் சொல்வது முறையல்ல என்று எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன்.

தலைவர், நகராட்சி இன்ஜினியர், டீச்சர் என்று எல்லாரும் அழைக்கும் உறுப்பினர், கட்டடத் தொழில் செய்யும் இன்னோர் உறுப்பினர். அவர்களுக்குப் பின்னால் குறிப்பேட்டோடு நான். அக்கா கதவைத் திறந்தாள். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகம். என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது.

“வாங்க” என்றாள், என்னையும் நாலோடு ஐந்தாகச் சேர்த்து.

‘இது எங்க அக்கா.’ மூன்றே வார்த்தை. வாய் வரை வந்து, பல்லில் பட்டுத் திரும்பிப் போனது.

கட்டடக்காரர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். “இதுல ஆள் இருக்காங்களா, இல்ல சாமான் போட்டு வெச்சிருக்காங்களா?”

இன்ஜினியர் சிரித்தார்.

“ரெண்டும்தான் சார்” என்றாள் அக்கா. “எது ஆளு, எது சாமான்னு உங்களுக்குத் தெரியலன்னா கேளுங்க, தொட்டுக் காட்டுறேன்.”

இன்ஜினியரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கையில் இருந்த படிவத்தில் ‘ஒருவர் படுக்கத் தேவையான இடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டிலை அளந்தால் போதும்தான். ஆனால் கட்டிலின் மேல் பாத்திரங்களும் மடித்த துணியும் இருந்தன.

“ஏம்மா, கொஞ்சம் தரையில படுங்க.”

“எதுக்கு?”

“அளவு எடுக்கணும்.”

டீச்சர், “அதெல்லாம் எதுக்கு சார்...” என்று இழுத்தார்.

“ரெண்டு நிமிஷ வேலை, மேடம். படிவத்துல கேட்டிருக்காங்க.”

அக்கா மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு உடையைக் கணுக்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, தரையில் நீட்டிப் படுத்தாள். ஆஸ்பத்திரியில் அப்படிப் படுத்திருப்பவர்களை நிறையப் பார்த்தவள் அவள். டேப்பின் முனைக் கொக்கி உடைந்திருந்தது, தரையில் நிற்கவில்லை. இன்ஜினியர் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“மேடம், தலைப்பக்கம் கொஞ்சம் பிடிங்க.”

மண்டியிட்டேன். அவள் உச்சந்தலையில் டேப்பின் முனையை வைத்துப் பிடித்தேன். தலைமுடியில் சலவை சோப்பின் வாசனை. அவள் உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“நல்லா இழுத்துப் பிடிடி. கொறைஞ்சிடப் போகுது.”

ஐந்தடி ஒரு அங்குலம். நான்தான் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாகவே இருந்தது.

மறுநாள் டீச்சர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. “மூணு ரூமை இடிச்சு ஒண்ணாக்குவாங்க. அதுல மூணு மடங்கு வாடகை குடுக்கிறவன் வருவான். இருந்த மூணு பேரும் எங்க போவாங்க? ஏற்கெனவே குடியிருக்கிறவங்களுக்கு விதிவிலக்குன்னு ஒரு திருத்தம் வந்தா, ஆறு ஓட்டு என்கிட்ட இருக்கு. விதியையே தோக்கடிக்கணும்னா அஞ்சுதான். ஆனா நான் கொண்டுவர முடியாது. குடியிருக்கிற ஒருத்தர் பொதுமக்கள் நேரத்துல வாயால கேக்கணும்.”

எங்கள் மன்றத்தின் பழைய வழக்கம் அது. பொதுமக்களில் ஒருவர் தனக்குரிய மூன்று நிமிடத்துக்குள் கேட்டால்தான் திருத்தம் விவாதத்துக்கு வரும். எழுதிக் கொடுத்தால் செல்லாது.

அன்று மாலையே அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“வாங்க மேடம். டேப் கொண்டாந்தீங்களா?”

“அக்கா, ப்ளீஸ்.” தட்டச்சு செய்த ஒரே ஒரு வரியை நீட்டினேன். “இதைப் போய்க் கேளு. மொத வரியா இதைச் சொல்லிடு. சொல்லிட்டு உக்காந்துடு. வேற எதுவும் வேணாம்.”

வாங்கிப் படித்தாள். “இதைச் சொன்னா ரூம் நிக்குமா?”

“நிக்கும்.”

“அதான் ஓடி வந்தியா. பயப்படாதடி, உன் வீட்டுக்கு வரமாட்டேன்.”

கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

“மொத வரியா சொல்லு அக்கா” என்றேன் மறுபடியும்.

“அதெப்படி? நான் யாருன்னு மொதல்ல தெரிய வேணாமா அவங்களுக்கு? ஆளா, சாமானான்னு?”

கூட்டத்தன்று அரங்கு நிறைந்திருந்தது. என் மேசையில் குறிப்பேடு, நிறுத்துக் கடிகாரம், தட்டினால் ஒலிக்கும் ஒரு சின்ன மணி. பொதுமக்கள் பேசும்போது நேரம் பார்ப்பதும் நான்தான். மூன்று நிமிடம் ஆனதும் மணியடிப்பேன், ஒலிவாங்கி அணைந்துவிடும். உறுப்பினர்கள் பேசும்போது மணி கிடையாது. கட்டடக்காரர் இருபத்திரண்டு நிமிடம் பேசினார். “மனுஷன் மனுஷனா வாழணும், அவ்வளவுதான் நான் கேக்கிறது. எலிப் பொந்துக்கெல்லாம் நாம அனுமதி குடுக்கலாமா?” என்றார். டீச்சர் எழுந்து, பொந்தை அடைத்தால் எலி மாளிகைக்குப் போகாது, தெருவுக்குத்தான் போகும் என்றார். சொன்ன பிறகுதான், தானும் அவர்களை எலி என்று சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. உட்கார்ந்துவிட்டார்.

ஏழாவதாக அக்கா வந்தாள். கடிகாரத்தை அழுத்தினேன்.

அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. சலவைப் பிரிவில் ஒரு நாளைக்கு எத்தனை போர்வை, அதில் என்னென்ன கறை, நடுராத்திரியில் கூப்பிட்டால் நான்கு நிமிடத்தில் போய் நிற்கிற ஆள் தான் ஒருத்திதான் என்று சொன்னாள். அரங்கு அமைதியாகக் கேட்டது. அந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததோ, எனக்கே பெருமையாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். இரண்டு நிமிடம் ஓடியது. காகிதம் மடித்தபடியே இருந்தது. சொல்லு அக்கா, சொல்லிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

“அந்த ரூம்ல ஆள் இருக்க முடியுமான்னு அன்னைக்கு வந்தவங்க கேட்டாங்க. என்னைப் படுக்கப் போட்டு அளந்தாங்க. ஒருத்தர் என்ன, ரெண்டு பேரே இருந்திருக்கோம். பதினோரு நாள். போக்கிடம் இல்லாம வந்து நின்னா ஒருத்தி. கட்டில்ல அவ, கீழ நான். அவளுக்கு ஒரு மூச்சுமுட்டலும் இல்ல. நம்பலன்னா கேட்டுப் பாருங்க, அவ இங்கதான்...”

மணியடித்தேன்.

ஒலிவாங்கி அணைந்தது. அவள் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கை காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது.

“நன்றிம்மா. அடுத்தவர்” என்றார் தலைவர்.

என் உள்ளங்கைக்குள் கடிகாரம் இரண்டு நிமிடம் இருபது நொடி காட்டியது. அதை யாரும் பார்க்கவில்லை. அந்த அறை நின்றால்தான் அக்கா என் வீட்டுக்கு வரமாட்டாள். பதினைந்து நாளாக நான் தூங்காமல் வேண்டிக்கொண்டது அதற்குத்தான். ஆனால் அந்த ஒரு நொடியில், அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்புவதும், டேப்பின் முனையைப் பிடித்தது யாரென்று இன்ஜினியருக்கு ஞாபகம் வருவதும்தான் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. கை தானாகப் போனது என்று சொல்லலாம். கை தானாகப் போவதில்லை.

அதன்பின் பேசிய யாரும் திருத்தம் கேட்கவில்லை. விதி, ஆறுக்கு ஐந்து என்ற ஓட்டில் நிறைவேறியது. கூட்டம் கலையும்போது தலைவர் என் மேசையருகே நின்றார். “உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே இதுதான் மேடம். யாருக்கும் ஒரு நொடி கூடக் குறைய விடமாட்டீங்க” என்றார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா வந்தாள். கையில் பெட்டி இல்லை. கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“இந்த மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாங்க” என்றாள். “வேற எடம் பாத்துட்டேன். தூரம்தான், ரெண்டு பஸ் மாறணும். முன்னாடி இருக்கிறவங்க பதினொண்ணாம் தேதிதான் போறாங்களாம். அது வரைக்கும் இங்க...”

நிறுத்தினாள். கேட்டுப் பழக்கமில்லாதவள். பிறகு சிரித்தாள்.

“பதினோரு நாள். நான் தூக்கத்துல உதைக்க மாட்டேன்.”

கணவர் மறுத்துவிடுவார் என்றுதான் இருந்தேன். இத்தனை வருடம் என் கஞ்சத்தனத்தை எல்லாம் அவர் தலையில்தான் கட்டியிருந்தேன். ‘இவருக்குப் பிடிக்காது’ என்பது எனக்கு நல்ல பூட்டு. அவரோ, “அதுக்கென்ன அண்ணி, சின்ன ரூம் சும்மாதான கெடக்கு. எத்தன நாள் வேணும்னாலும் இருங்க” என்று சொல்லிவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போனார்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அக்கா என் வீட்டுத் தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், திறந்திருந்த சின்ன அறையின் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளிடம் அவ்வளவு மென்மையான குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

“அந்த நாப்பது நொடியப் பத்தி நான் எதுவும் கேக்க மாட்டேன்டி. உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்ல மாட்டேன். மறந்துட்டேன்னு வெச்சிக்க.”

நாற்பது. சரியாக எண்ணியிருக்கிறாள். பேசிக்கொண்டே எண்ணியிருக்கிறாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அறைந்திருந்தால் கட்டிலை நானே துடைத்துப் போட்டிருப்பேன். பதினோரு காலை, பதினோரு ராத்திரி, எதையும் கேட்காத அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன்.

உள்ளே கணவர் மூன்று டம்ளர்களை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“வேணாம் அக்கா” என்றேன், உள்ளே கேட்காதபடி. “இங்க சரிப்படாது.”