ஒரு வீட்டுக்கு ஒரு கை

"ஒரு வீட்டுக்கு ஒரு கைதான். புருஷன் தூக்கிட்டா பொண்டாட்டி தூக்கக் கூடாது. வீட்லதான் அவங்க கை ஓங்கியிருக்கே!" என்றார் வார்டு உறுப்பினர். கூடம் சிரித்தது. தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை நிறுத்தப் போன புருஷனை இன்னும் காணோம்; அதுவரை வீட்டின் கை அவளுடையது.

முன்தெருவுக்கும் பின்சந்துக்கும் நடுவிலிருக்கும் இரும்புக் கேட்டை நிரந்தரமாகப் பூட்டிவிடலாமா என்பதுதான் ஓட்டுக்கு வந்த கேள்வி. சந்துக்காரர்கள் வேறு பாஷைக்காரர்கள். பேருந்துக்கு அந்த வழியாகத்தான் வருவார்கள். இன்று கூடத்தின் பின்சுவரோரம் நின்றிருந்தார்கள். கேட் முன்தெருவுடையதாம்; அவர்களுக்குக் கை கிடையாது.

"பூட்டினாத்தான் தெரு தெருவா இருக்கும்," என்றார் மளிகைக்கடைக்காரர். "சத்தமும் நாத்தமும்... மனுஷன் குடியிருக்க முடியல."

அவள் பிறந்தது அந்தச் சந்தில். கல்யாணமாகி வந்த அன்றே அந்தப் பாஷையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டவள். மதியங்களில் மட்டும் அக்கா கேட்டைத் தாண்டி வருவாள். தையல் மெஷின் பக்கத்தில் நின்று, தைத்துத் தைத்து இற்றுப்போன தங்கையின் வலது தோளை அமுக்கிக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசுவாள். யாருடைய முகத்தையும் பார்த்து வார்த்தையை அளக்காமல் தையல்காரி வாய் திறப்பது அப்போது மட்டும்தான்.

கைகள் உயர்ந்தன. அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"போதும், நிறையவே தேறிடுச்சு," என்ற உறுப்பினரின் பார்வை அவளிடம் வந்து நின்றது. "டெய்லரம்மா கையை மட்டும் காணோமே! எந்தப் பக்கம்மா நீங்க?"

தலைகள் திரும்பின. அவள் கை இல்லாமலே கேட் பூட்டப்படும். ஆனாலும் அது அவர்களுக்கு வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த மாமியார் உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "என்னடி, கை மரத்துப்போச்சா? தூக்கு. மானத்த வாங்காத."

தூக்கினாள்.

பின்சுவரிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அந்தப் பாஷையில் ஒரே ஒரு வரி.

"என்னவாம்?" என்றார் உறுப்பினர் அவளிடம். "உங்களுக்குத்தான் புரியுமே, சொல்லுங்க."

கையை இறக்குடி, ராத்திரி தோள் வலிக்கும் உனக்கு என்றிருந்தாள் அக்கா.

"திட்டுறாங்க," என்றாள் தையல்காரி.

"பாத்தீங்களா, இதுதான் அவங்க லட்சணம்!" மளிகைக்கடைக்காரர் தொடையில் தட்டினார். எல்லோர் முகத்திலும் ஒரு திருப்தி. பின்சுவரோரம் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. தையல்காரியின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது.