இரண்டு முரசுகளுக்கு நடுவே

அன்று ஒரு நிமிடத்தின் விலை மூன்று ஆள். பிரெஞ்சு நாட்டு ஓப் ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில் நின்ற சார்ஜென்ட் லொர்மோ போட்ட கணக்கு அது. எதிர்க்கரை வயல் சேற்றில் அவனுடைய ஆட்கள் இருபத்திரண்டு பேர் தட்டுத்தடுமாறி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மரவரிசையை ஒட்டி, எதிரிகளான ரஷ்யக் கோசாக் வீரர்களின் குதிரைகள்.

பாலத்துக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்கள். திரியருகே, கையில் எரியும் கயிற்றோடு, பாலம் தகர்க்கும் படையின் சார்ஜென்ட் பெரூஸ்.

“யோவ், ஏழு நிமிஷம் பொறுய்யா.”

“குதிரை கண்ணுல பட்டா கொளுத்துன்னு உத்தரவு. பட்டுடுச்சு. நிறுத்தணும்னா சொந்தக் கால்ல நிக்கிற ஆபீசர் சொல்லட்டும், விழுந்து கிடக்குற கேப்டன் இல்ல.”

“நான் ஆபீசர்தான்யா. லெப்டினன்ட் ஆக்கின கடுதாசி மூணு நாளா பையில கிடக்கு.”

“கடுதாசியை வச்சுப் புகையிலை சுருட்டு. முரசு கொட்டி, கம்பெனி முன்னால கேப்டன் வாயால சொன்னாரா? அதுவரைக்கும் நீயும் சார்ஜென்ட், நானும் சார்ஜென்ட். ஒதுங்கு!”

அவன் சொன்னது நியாயம்தான். பதின்மூன்று வருஷத்தில் சிப்பாய், கார்ப்பரல், சார்ஜென்ட் என்று ஏறி வந்த லொர்மோவுக்கு, இந்தப் படியில் மட்டும் முரசு கொட்ட நேரம் வாய்க்கவில்லை. பின்வாங்குகிற படை எங்கே நின்றது?

கரையோர மாவு ஆலையின் சுவரில் சாய்ந்து, குண்டு பாய்ந்த வயிற்றைப் பொத்தியபடி கிடந்த கேப்டன் ஓபினோவிடம் ஓடினான்.

“கேப்டன் ஐயா, இப்பவே என்னை லெப்டினன்ட் ஆக்கிடுங்க!”

“சாகப்போறவன்கிட்ட பதவி கேக்க வந்தியாடா?”

“முதல் முரசுக்கும் முடிவு முரசுக்கும் நடுவுல எவனும் அசையக்கூடாது இல்லீங்களா?” லொர்மோவின் கண் பெரூஸ் பக்கம் போய் வந்தது.

கேப்டனின் உதடு கோணியது. “களவாணிப் பயலே! பிரிக்கூ, கொட்டுடா!”

நரைமீசை பிரிக்கூவின் முரசு அதிர்ந்தது. கரையிலிருந்த அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள். பெரூசும்தான். எரியும் கயிறு தொடையோடு ஒட்டி நின்றது. வாய் திறக்க முடியாமல் கண்ணாலேயே திட்டினான்.

பாலப் பலகையில் முதல் காலடி. மூன்று பேர். எட்டு பேர்.

கேப்டன் மூச்சு வாங்க வாங்க லொர்மோவின் பெருமையை அடுக்கினார். அவன் சண்டையிட்ட ஊர்கள் தீர்ந்துபோனதும், போகாத ஊர்களிலும் அவனைச் சண்டையிட வைத்தார். பதினான்கு. பதினேழு.

“...இவரை உங்க லெப்டினன்டா ஏத்துக்கிட்டு... கீழ்ப்படியுங்க.” தலை சாய்ந்தது.

பிரிக்கூ குச்சியை ஓங்கியபடி லொர்மோவைப் பார்த்தான். வயலில் இன்னும் ஐந்து பேர். அவர்களைத் தாண்டி வந்துவிட்ட குதிரைகள் பாலத்தில் குளம்பு வைத்தன.

“கொட்டு,” என்றான் லொர்மோ.

முடிவு முரசு அடங்கியதும் பெரூஸ் கேட்டான்: “உத்தரவு சொல்லுங்க லெப்டினன்ட் ஐயா. கொளுத்தவா, நிறுத்தவா?”

“கொளுத்து.”

ஆற்றில் மரத்துண்டுகள் விழுந்து ஓய்ந்தபின், ஆலை முற்றத்தில் லொர்மோ பெயர்ப்பட்டியலை வாசித்தான். பதினேழு குரல்கள் வந்தன. மற்ற ஐந்து பெயருக்கும் அவனே பதில் சொன்னான்.

இருபத்திரண்டில் பதினேழு வரவு. ஐந்து, புது லெப்டினன்ட் பேரில் பற்று.